அணியும் மாசும்: சங்க மருதப் பாடல்களில் தாயான தலைவியின் தோற்றமும் தன்னுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேற்றுக்குப் பின் பெண்ணொருத்தி தன் உடையையும் ஒப்பனையையும் மீண்டும் தன்னுடையவையாக உணர்வது எவ்வாறு என்னும் வினா இன்று பரவலாக எழுப்பப்படுகிறது. சங்க அகப்பாடல்களுள் மருதத்திணை சார்ந்த சில பாடல்கள் இவ்வினாவை நேரடியாகவே எதிர்கொண்டுள்ளன. நற்றிணை 40, 370, 380, குறுந்தொகை 8, 167, ஐங்குறுநூறு 65, அகநானூறு 16, 26, கலித்தொகை 85 ஆகிய பாடல்களை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, தாயான தலைவியின் மாசுபட்ட தோற்றம் அவளுடைய தாழ்வுணர்வைக் காட்டுவது என்னும் வழக்கமான வாசிப்பை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. தனக்கு எது ஒக்கும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையே இப்பாடல்களில் வழக்காக நிற்கிறது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: நெய்யணி, புனிறு, கலிங்கம், மாசு, ஒத்தல், வாயில் மறுத்தல், மருதத்திணை

முன்னுரை

பிள்ளை பெற்ற பெண்ணிடம் இன்றைய வணிக உலகம் முன்வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: பழைய உருவுக்குத் திரும்பு என்பது அது. உடல் எடை, கூந்தல், தோல், உடையளவு என ஒவ்வொன்றிலும் பேற்றுக்கு முந்தைய நிலையே அளவுகோலாக வைக்கப்படுகிறது. இதற்கு மாறான எண்ணம் மானிடவியலில் 1970களிலேயே தோன்றிவிட்டது. பெண் தாயாவது ஒரு நாளில் முடியும் நிகழ்வன்று. குமரப்பருவம் போலவே உடலும் மனமும் சமூக உறவும் ஒருங்கே மாறும் நீண்ட பருவம் அது என்று அமெரிக்க மானிடவியலாளர் டேனா ரஃபேல் கருதி, அதற்கெனத் தனிச்சொல்லும் உருவாக்கினார். குமரப்பருவத்தைக் கடந்தவரைப் பார்த்துப் பழைய சிறுபருவ உடைக்குத் திரும்புமாறு எவரும் சொல்வதில்லை. தாயானவளிடம் மட்டும் அவ்வாறு சொல்லப்படுகிறது.

தமிழாய்வில் தாய்மை பற்றிய எழுத்து மிகுதி. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை தாயைப் புறநானூற்று மறக்குடி மகளாகவோ, மகளைப் பிரிந்து வருந்தும் நற்றாயாகவோ, வளர்த்த செவிலியாகவோ காண்கின்றன. பால் சுரக்கும் உடலோடும் கறைபட்ட ஆடையோடும் நிற்கும் இளந்தாய், மருதத்திணையின் ஊடற் சூழலுக்குள் ஒரு துணைச்செய்தியாக ஒடுக்கப்படுகிறாள். பரத்தையிற் பிரிந்த தலைவன் வாயில் வேண்டுகிறான், தலைவி மறுக்கிறாள் என்ற துறைக்குறிப்போடு விளக்கம் முடிந்துவிடுகிறது. எந்த ஆடையோடு, எந்த மணத்தோடு நின்று மறுக்கிறாள் என்பது கவனம் பெறுவதில்லை. கவனிக்கும் உரைகளும், தன் அழகு குறைந்தது கண்டு தலைவி நாணிக் கூறியது என்றோ, இல்லறத்தில் ஒப்பனையைத் துறந்த கற்பின் சிறப்பு என்றோ அமைதி கொள்கின்றன. இவ்விரு விளக்கங்களும் வெவ்வேறாகத் தோன்றினாலும் தாயானவளுக்கு இனி ஒப்பனை இல்லை என்னும் ஒரே முடிவையே மாணவர்க்குக் கற்பிக்கின்றன. மூலபாடங்கள் அவ்வாறு கூறுகின்றனவா என்பதே இங்கு வினா.

நெய்: அணியா, மாசா?

ஈன்ற பெண்ணைக் குறிக்கச் சங்கத் தமிழ் பயன்படுத்தும் சொற்களுள் 'புனிறு' தனிக்கவனத்துக்குரியது. ஈன்றதன் அண்மையே இதன் பொருள் எனத் தொல்காப்பிய உரியியல் விளக்குகிறது. பெண்ணுக்கும் விலங்குக்கும் பொதுவாக வழங்கும் இச்சொல் காலத்தையும் மணத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. புனிற்றுக் காலத்தில் தாய்க்குச் செய்யும் நெய்யாடலைத் தொல்காப்பியக் கற்பியல் 'நெய்யணி' என்று பெயரிடுகிறது. நெய் பூசுதலை ஓர் அணியாகக் கருதிய வழக்கு இப்பெயரிலேயே பதிவாகியுள்ளது. அந்நாளில் தன்னை விரும்பி வந்த கிழவனை, அவன் நெஞ்சு புண்படுமாறு தலைவி விலக்கும் நிலையையும் அவள் கூற்று நிகழும் இடங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் எண்ணுகிறார். நெய்யணிந்த உடல் விரும்பப்படும் உடல் என்பதும், அவ்விருப்பத்தை மறுக்கும் உரிமை உடையாளுக்கு உண்டு என்பதும் ஒரே நூற்பாவில் அடங்கியிருப்பது நோக்கத்தக்கது.

கோண்மா நெடுங்கோட்டனாரின் நற்றிணை 40 இந்த அணியை விரிவாகக் காட்டுகிறது. காவல் மிக்க மனையில் மணி ஒலிக்கிறது. பந்தரில் மணல் பரப்பப்பட்டுள்ளது. அணிகலன் பூண்ட மகளிர் ஒருபுறம் நற்சொல் கேட்க நிற்கின்றனர். மெல்லிய துணி விரித்த அணையில் செவிலியோடு புதல்வன் உறங்குகிறான். வெண்சிறுகடுகு அணிந்து, நெய்யாடிய ஈரத்தோடு, பசுநெய் ஊறிய மென்மேனியளாகத் தலைவி கண்மூடியிருக்கிறாள். தந்தையின் பெயர் தாங்கிய மகன் பிறந்ததனால் நள்ளிரவில் கள்வன்போல் தலைவன் வருகிறான். இங்குப் புலவர் ஆளும் 'ஈரணி' என்னும் சொல் முக்கியமானது. விரிச்சி நிற்கும் மகளிர்க்குப் பொன்னும் மணியும் அணியென்றால், ஈன்றவளுக்கு நெய்யின் ஈரமே அணி. பேற்றுக்குப் பின் தலைவி அணியிழந்தாள் என்று இப்பாடலைக் கொண்டு எவரும் கூற இயலாது. அவளுக்கென வேறோர் அணி வகுக்கப்பட்டுள்ளது என்றே கூற இயலும்.

எனினும் அவ்வணியைத் தேர்ந்தவள் அவளல்லள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சடங்கு அவளுக்கு உடுத்துவிட்ட கோலம் அது. அவள் உறங்குகிறாள், பேசுவதில்லை. கடுகும் நெய்யும் தீங்கு விலக்கும் காப்புப் பொருள்கள். சங்ககாலப் பெண்ணிடம், குறிப்பாக ஈன்ற அண்மையில், 'அணங்கு' என்னும் ஆற்றல் உறைவதாகக் கொண்டு இத்தகைய வழக்கங்களை விளக்கினார் ஜார்ஜ் எல். ஹார்ட் (1975). அச்சொல்லின் பொருளைப் பெண்ணின் புனித ஆற்றல் என ஒடுக்கிவிட்டதாக வி. எஸ். ராஜம் 1986இல் மறுத்தெழுதினார். ராஜத்தின் மறுப்பே வலியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எப்பக்கம் நின்றாலும், புனிற்றுக் கோலம் சமூகம் வகுத்தது என்பதில் ஐயமில்லை.

இனி நற்றிணை 380இல் இதே நெய் வேறு வடிவில் வருகிறது. அங்கே அது அடுக்களை நெய். தாளிப்பின் புகையோடு சேர்ந்து உடலிலும் ஆடையிலும் படிந்த மாசு. நெய் அணியாவதும் மாசாவதும் அப்பொருளின் இயல்பால் அமைவதன்று. இடமும் வேலையும் பார்ப்போரும் மாறும்போது பெயர் மாறுகிறது. இந்த இடைவெளியில்தான் தாயான தலைவி தன் குரலைப் பெறுகிறாள். அக்குரலுக்குச் செல்லும் முன் அவளுக்கு இடப்பட்ட புதிய பெயரைக் காண வேண்டும்.

பெயர் மாற்றம்

உறையூர்க் கதுவாய்ச் சாத்தனாரின் நற்றிணை 370இல் பேசுபவன் தலைவன். ஊடல் நீண்டு வெளியே நிற்கும் நிலையில், பாணனை அழைத்து, நாம் சிரிக்கலாம் வா என்று பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்கிறான். நெய்யும் கடுகும் விளங்கிய மனையில், குடிக்கு மகன் தந்து கிடந்தவளை அணுகி, மகன் பிறந்ததால் பெயர் மாறி முதியவளாகி உறங்குகிறாயோ எனக் கேலி பேசியிருக்கிறான்; குவளை மலரால் அவள் வயிற்றைத் தொட்டிருக்கிறான். அவள் மொட்டுப்போல் முறுவலித்துக் கண்களைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

இக்கேலி அன்பின் கேலி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் உள்ளடக்கம் எளியதன்று. 'முதுபெண்டு' என்னும் சொல் ஓர் இரவில் அவளை ஒரு தலைமுறை முன்னே தள்ளிவிடுகிறது. பெயர் பெயர்வது என்றால் ஒருத்தி இதுவரை அழைக்கப்பட்ட சொல் அவளிடமிருந்து நீங்குவது. மென்மையான கூந்தலையுடையவளே என்ற விளியும் அதே பேச்சில் வருகிறது. முதியவள் என்னும் புதுப்பெயரையும் கூந்தலழகி என்னும் பழைய விளியையும் ஒருசேர அவள்மேல் வைத்து, இரண்டில் எது நீ என்று கேட்கிறான். அவள் விடை கூறவில்லை, கண்ணை மூடிக்கொள்கிறாள். நாணம் என உரை கூறும் அச்செயலை, தன்னைப் பிறர் பார்க்கும் பார்வையிலிருந்து ஒரு கணம் விலகும் செயலாகவும் கொள்ளலாம். குவளை மலர் பெண்டிர் கூந்தலில் சூடும் மலர் என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். கூந்தலுக்குரியது வயிற்றுக்கு வந்துள்ளது. மாறிய உடலுக்கு அணி எங்கே பொருந்தும் என்று தலைவனே தடவிப் பார்ப்பதுபோல் அக்காட்சி அமைந்துள்ளது.

புதல்வனுக்குத் தாய் என்னும் பெயர் பிறர் வாயில் வசையாவதும் உண்டு. ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8இல் பரத்தை பேசுகிறாள். எம் ஊரில் பெருமொழி பேசியவன், தன் ஊர் சென்றதும் தன் மகனின் தாய்க்கு, கைகால் தூக்கத் தூக்கும் கண்ணாடிப் பாவைபோல அவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்று எள்ளுகிறாள். மனைவியின் பெயரோ அழகோ அங்குச் சொல்லப்படவில்லை. மகனைக் கொண்டே அவள் சுட்டப்படுகிறாள். இளமையும் ஒப்பனையும் தன்பக்கம் உள்ளன என்ற இறுமாப்பு அச்சுட்டில் தொனிக்கிறது. ஆயினும் பரத்தை தேர்ந்த உவமை அவளுக்கே எதிராகத் திரும்புகிறது. கண்ணாடி ஒப்பனைக்குரிய கருவி. அதன்முன் நின்று கையசைப்பவள் அந்தத் தாய்; உள்ளே அசைவது தலைவன். தாயான பெண் கண்ணாடியில் தன் இழந்த உருவைத் தேடி ஏங்குவாள் என்று இன்று எதிர்பார்க்கப்படும் காட்சி இதில் இல்லை. கண்ணாடியின் ஆட்சி அவள் கையில் உள்ளது என்பதை அவளுடைய எதிரியே ஒப்புக்கொள்கிறாள்.

மாசுபட்ட கலிங்கம்

கூடலூர்ப் பல்கண்ணனாரின் நற்றிணை 380, நற்றிணை 370இல் தலைவன் பேச்சைக் கேட்டு நின்ற அதே பாணனுக்கு வீட்டின் உள்ளிருந்து வரும் மறுமொழிபோல் ஒலிக்கிறது. இருவேறு புலவர் பாடியவை ஆதலின் இத்தொடர்பு வாசிப்பில் விளைவதே. ஆனால் வாயிலாகிய பாணன் எதிரில் நிற்பதும், பேறும் பேற்றின் பின்னான தோற்றமும் பொருளாவதும் இரண்டையும் அருகருகே வைக்கத் தூண்டுகின்றன.

பாடலின் செய்தி இது. நெய்யும் தாளிப்பும் படிந்து உடலோடு ஆடையும் மாசடைந்தது. திதலை படர்ந்த மார்பில் இனிய பால் சுரந்து வழிய, மகனைத் தழுவியதால் தோள்கள் புனிற்று மணம் வீசுகின்றன. தூய அணிகலன் பூண்ட பெண்டிரின் சேரியில் தேரோடு தோன்றுபவனுக்கு நாங்கள் ஒத்தவரல்லேம். ஆகவே பாணனே, உன் பொன் நரம்பு யாழை நீ இனிமையாக இசைக்க வல்லவனாயினும், இங்கே தொழுது நிற்காதே. உன் தலைவனைக் கூட்டிக்கொண்டு போ, இங்குப் பாடவேண்டாம். நெடுநேரம் நிற்கும் குதிரைகளும் பூட்டப்பட்ட நிலையை வெறுக்கும். யாம் விரும்பாதபோது பயனற்ற சொற்களைச் சொல்லாதே.

பேச்சு தன்மைப் பன்மையில் அமைந்துள்ளது. கூறுபவள் தலைவியாயினும், அவள்பொருட்டுப் பேசும் தோழியாயினும், மாசு அங்கு ஒருத்தியின் தனிக்குறையாக வைக்கப்படவில்லை. வீட்டின் நிலைப்பாடாக வைக்கப்படுகிறது. தோற்றத்தை எண்ணித் தாழ்வுற்றவள் அதை மறைக்க முயல்வாள். இக்குரலோ வாயிலில் நிற்கும் அயலான் ஒருவனிடம் ஆடையின் கறையிலிருந்து தோளின் மணம் வரை முறையாக அடுக்கிக் கூறுகிறது. அடுக்கிக் கூறியபின் அதனையே காரணமாக்கிக் கதவை மூடுகிறது. முதலடியின் மாசு இறுதியடியின் விருப்பமின்மையோடு முடிச்சிடப்பட்டுள்ளது. விரும்பாமையே உண்மைக் காரணம். மாசு அதற்கு உடுத்திய உடை.

மாசுபட்டது எது என்பதும் கருதத்தக்கது. அது கந்தையன்று, கலிங்கம்; நுண்ணிய நல்லாடை. இச்சொல் கலிங்க நாட்டோடு தொடர்புறுத்திப் பேசப்படுவது. நல்லாடையை எடுத்து வைத்துவிட்டு அடுக்களைக்கென ஓர் ஆடை உடுத்தவளல்லள் இவள். நல்லாடையோடே அடுக்களையில் நின்று, அதோடே மகனையும் தழுவியவள். நற்றிணை 40இல் புனிற்று மணம் செவிலியைச் சார்ந்திருந்தது. மகன் அவளருகில் உறங்கினான், தாய் நெய்யணியோடு வேறாகக் கண்மூடியிருந்தாள். செவிலி உள்ள மனைமரபில் அம்மணத்தைத் தன் தோளுக்கு எடுத்துக்கொள்வது தலைவியின் தேர்வு என்று கொள்ள இடமுண்டு.

இவ்விடத்தில் கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167ஐ ஒப்பிடாமல் செல்ல இயலாது. புதிதாக மணந்த மகளின் இல்லறம் கண்டு திரும்பிய செவிலி, நற்றாய்க்குக் கூறுகிறாள். முற்றிய தயிரைப் பிசைந்த விரலைத் துடைத்த கலிங்கத்தைத் துவைக்காமலே உடுத்தியிருந்தாள். கண்ணில் தாளிப்புப் புகை படியச் சமைத்தாள். கணவன் இனிதெனச் சொல்லி உண்டான். அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது. அதே கலிங்கம், அதே தாளிப்பு, அதே கறை. அங்கே 'மாசு' என்னும் சொல் வரவில்லை. பார்ப்பவள் செவிலி, உண்பவன் வீட்டில் இருக்கிறான். கறை பாராட்டாகிறது. நற்றிணைப் பாடலில் கணவன் தேரேறிச் சேரியில் திரிகிறான். கறை மாசு எனப் பெயர் பெறுகிறது. பள்ளிப் பாடத்திட்டத்திலும் மேடையிலும் குறுந்தொகைப் பாடல் பெற்ற புகழ் நற்றிணைப் பாடலுக்குக் கிட்டவில்லை. கறைபட்ட ஆடையோடு மகிழும் மனைவியை எடுத்துக்காட்டாக்குவது எளிது. அதே ஆடையோடு கதவடைப்பவளை எவ்வாறு எடுத்துக்காட்டுவது என்பதில் நம் பாடத்திட்டக் குழுக்களுக்குத் தயக்கம் இருந்திருக்கலாம்.

'ஒத்தல்' என்னும் வினையே பாடலின் அச்சு. ஒருவர்க்கு எது பொருந்தும் என்பது உடைநயத்தின் முதல் வினா. தேரோனுக்குத் தாம் ஒவ்வோம் என்று கூறும்போது அவள் அளவுகோலை அவனிடம் ஒப்படைத்துவிட்டதாக முதற்பார்வையில் தோன்றும். ஆனால் ஒவ்வாமை இருபுறமும் வெட்டுவது. தேரும் யாழும் தொழுகையுமாக வந்து நிற்கும் ஆரவாரம் பால்மணக்கும் இல்லத்துக்கு ஒவ்வாதது என்பதே பாணனுக்குச் சொல்லப்படும் செய்தி. இதனை உறுதிப்படுத்துவது குதிரை பற்றிய குறிப்பு. பூட்டப்பட்டு நிற்றலைச் சொல்ல அங்கு வரும் 'பூண்' என்னும் சொல், அணிகலனுக்கும் உரியது. அணி களைந்த ஆடையில் தொடங்கிய பாடல், பூண்டு நிற்றலை வெறுக்கும் விலங்கில் வந்து நிற்கிறது. நெடுநேரம் பிறருக்காகப் பூண்டு காத்திருப்பதன் சலிப்பைக் குதிரைமேல் ஏற்றிச் சொன்ன இக்குறிப்பு, தலைவியைப் பற்றியதே என்று வாசிப்பதற்குச் சொல்லே இடம் தருகிறது.

சாந்தணிந்த மார்பு

தாயான தலைவியின் பாடல்களில் ஒப்பனை மிகுந்தவன் பெரும்பாலும் ஆண். ஓரம்போகியார் பாடிய ஐங்குறுநூறு 65, கிழத்தி கூற்றுப் பத்தில் உள்ளது. கரும்பு நட்ட பாத்தியில் தழைத்த ஆம்பல் வண்டின் பசி தீர்க்கும் ஊரனை விளித்து, மகனைப் பெற்ற எம் உடலைத் தழுவாதே, அது உன் மார்பின் அழகைச் சிதைக்கும் என்கிறாள். நான்கடியில் முடியும் இக்கூற்றில் தன் அழகு பற்றி ஒரு சொல்லும் இல்லை. கெடக்கூடியது அவனுடைய கோலம். கரும்புக்கென அமைத்த பாத்தியில் ஆம்பல் தானே தழைத்து வண்டுக்கு உணவாவதை, பரத்தையர்க்கு இடம் கொடுத்த மனைவாழ்வாகக் காண்பது பொதுவான உள்ளுறை. மகவுக்குப் பாலூட்டும் உடலாகவும் அதைக் காண இயலும். நடாமல் முளைத்தது ஒன்று பசியாற்றுகிறது.

பாண்டியன் கானப்பேரெயில் தந்த உக்கிரப் பெருவழுதியின் அகநானூறு 26 இவற்றுள் மிகச் செறிவானது. தலைவி தோழியிடம் கூறுகிறாள். முன்பு, போதும் என்றாலும் கேளாமல், விடாமல் தழுவிப் பாராட்டிய பருவமும் இருந்தது. இப்போது பால் சுரந்து திதலை அணிந்த மார்போடு, சாந்தணிந்த அவர் மார்பை இறுகத் தழுவ யாம் விரும்பினோம்; பால் படுமே என்று அவர் அஞ்சினார். தழுவிய கை நெகிழ்ந்ததை அவள் உணர்ந்தாள். செவிலி கையிலிருந்த மகனை நோக்கி, நீர் அழகியர்க்கு ஒத்தவர், யாம் இச்செல்வனுக்கு ஒத்தேம் என்று மெல்லச் சொல்லி மகன்பக்கம் சென்றாள். அதுகண்டு, யாமும் இவனிடம் அன்புடையோம் என்று பணிந்து அவள் முதுகைத் தழுவினான். மழை ஏற்ற, பலமுறை உழுத செம்மண் நிலம்போல் அவள் நெஞ்சு நெகிழ்ந்தது.

இப்பாடலில் அணி என்னும் சொல் ஆளப்படும் இடங்களைப் பின்தொடர வேண்டும். தொடக்கத்தில், விளையாட்டு மகளிர் விழாவின் அணிக்காக முள்ளிப் பூக்களைத் திரட்டுகின்றனர். அது கன்னிப்பருவத்தின் அணி. பின்னர்த் திதலை அவள் மார்பில் அணி. சாந்தம் அவன் மார்பில் அணி. அருகருகே ஒரே வினை இருவர்க்கும் வருகிறது. உடல் தானே தன்மேல் வரைந்த புள்ளிகளும் பூசிக்கொண்ட சந்தனமும் இலக்கணத்தில் சமமாக்கப்படுகின்றன. அவ்விரண்டும் தொடவேண்டிய இடத்தில் அவன் தயங்குகிறான். அத்தயக்கத்தின் எதிரேதான் 'ஒத்தல்' மீண்டும் பிறக்கிறது. நற்றிணை 380இல் எதிர்மறையில் நின்ற வினை இங்கு உடன்பாடாகிறது: இவனுக்கு ஒத்தேம். தன் தோற்றத்துக்குப் புதிய அளவுகோலை அவளே நிறுவுகிறாள். அதனை அடையாளம் காட்டுபவளும் அவளே. மகனைச் செல்வன் என்று அழைப்பதில் தேரோனின் செல்வமும் சேர்த்து எள்ளப்படுகிறது.

அளவுகோல் நிறுவியபின் அவள் தோற்றாள் என்று சிலர் கூறக்கூடும். நெஞ்சு தன்னைக் காட்டிக்கொடுத்தது என அவளே கூறுகிறாளே என்பர். ஆனால் யார் யாரிடம் வந்தார் என்று பார்க்க வேண்டும். பாலுக்கு அஞ்சி நெகிழ்ந்த கை, பால்குடிக்கும் மகன்மேல் அன்பு சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறது. அவள் பழைய உருவுக்குத் திரும்பவில்லை. பலமுறை உழுத நிலம் என்ற உவமையும் கன்னிநிலத்துக்கு உரியதன்று. உழவு கண்ட மண்ணே மழையை ஏற்கும் என்பதை மருத நிலத்துப் பாடலில் விளக்கவேண்டியதில்லை.

குழந்தைமேல் ஏறிய அணிகள்

தாயின் அணி எங்கே போயிற்று என்ற வினாவுக்கு மருதக்கலி வேறொரு விடை வைத்திருக்கிறது. கலித்தொகை 85 காலில் கிண்கிணி, இடையில் பொற்காழும் பவளக்கோவையும் மெல்லிய துகிலும், கையில் தொடி, கழுத்தில் எறியாத வாளும் வெட்டாத மழுவும் பொறித்த பூண், தலையில் முத்தும் மணியும் கோத்த முக்காழ் என அடிமுதல் முடிவரை புதல்வனை அணி அணியாக வருணிக்கிறது. காதற் பாடல்களில் பெண்ணுடலுக்குச் செய்யப்படும் உறுப்பு வருணனையின் முறை இங்குக் குழந்தைக்குச் செய்யப்படுகிறது. பின்னாளில் பிள்ளைத்தமிழ் வளர்த்தெடுத்த சுவைக்கு இது முன்னோடி எனலாம். தாய் தன் அணிநயத்தை இழக்கவில்லை, இடம் மாற்றிவிட்டாள் என்று இதனைக் கொண்டு கூறுவது கவர்ச்சியான வாதம். அதனை முழுதும் ஏற்க இயலவில்லை. தனக்குரிய தேர்வைப் பிள்ளைக்கு உடுத்திப் பார்த்து அமைதியடைவது இன்றும் காணக்கூடியதே. அது ஈடு மட்டுமே.

சாகலாசனாரின் அகநானூறு 16 இன்னும் நுட்பமாகச் செல்கிறது. தெருவில் தனித்து விளையாடிய புதல்வனை, எவரும் காணவில்லை என எண்ணிப் பரத்தை எடுத்துத் தன் பொன்னணி தாங்கிய மார்போடு அணைத்துக்கொள்கிறாள். வந்து கண்ட தலைவி அவளை 'மாசில்' என்னும் அடைகொடுத்து விளித்து, ஏன் மயங்குகிறாய், நீயும் இவனுக்குத் தாயே என்கிறாள். மற்றவள் களவில் அகப்பட்டவள்போல் நிலம் கீறி நிற்கிறாள். குற்றமற்ற இளையவளே என்பது நேர்ப்பொருள். நெய்யும் பாலும் படாத ஆடையை உடையவளே என்ற கூர்மையும் அதில் இருப்பதாக, நற்றிணை 380ஐ அருகில் வைத்து வாசிக்கும் எவர்க்கும் தோன்றும். பொன் சுமக்கும் மார்பு பிள்ளையை அணைக்கலாம். பிள்ளை அதில் விட்டுச்செல்ல எதுவும் இல்லை.

இப்பாடல்களைப் பாடியோராக அறியப்படும் பெயர்கள் ஆண்பாற் பெயர்களாகவே உள்ளன என்பது இவ்வாய்வின் எல்லையைக் குறிக்கிறது. தாயின் மாசை அறிந்து எழுதியவர்கள் அதைத் தம் மேனியில் சுமந்தவர்களல்லர். வாயில் மறுக்கும் பெண்குரலைப் பெண்பாற் புலவரிடம் தேடினால் அள்ளூர் நன்முல்லையாரின் அகநானூறு 46 கிடைக்கிறது. அங்குப் புதல்வன் இல்லை, பால்மணம் இல்லை. தொடி நெகிழ்வதாயின் நெகிழட்டும், நீ செல்லலாம், உன்னைத் தடுப்பவர் யார் என்கிறது அங்கு ஒலிக்கும் பெண்குரல். அகமரபில் நெகிழ்ந்த தொடி துயரின் அடையாளம். தோழியரும் அன்னையரும் ஊராரும் அதைப் பார்த்தே பெண்ணின் மனத்தைக் கணிப்பர். அவ்வடையாளத்தைப் பார்ப்போர்க்காகக் காத்து வைத்திருக்கும் கடமை தனக்கில்லை என்று இவள் ஒரே சொல்லில் கைகழுவுகிறாள். கூடலூர்ப் பல்கண்ணனாரின் தலைவி மாசைக் காரணமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நன்முல்லையாரின் பெண்குரல் தோற்றத்தைக் காரணமாகச் சொல்லவில்லை.